ரோஸ்விதாவின் சாஸேஜ் பாட்டு

அக்டோபர் பிறந்தாலே ரோஸ்விதா கிம்மர்லேவுக்கு வயிற்றைப் புரட்டத் தொடங்கிவிடும். மற்ற மாதங்களில் அவள் நல்ல மனுஷிதான். வானொலி இசைக்குழுவில் வியோலா வாசிப்பாள், வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வேகவைப்பாள், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கணவன் கெப்ஹார்டோடு சீட்டாடுவாள், தோற்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அக்டோபரில் மட்டும் வாயைத் திறந்தால் 'சீ' என்றுதான் வரும். எல்லாம் அந்தப் புது இசை விழாவினால்.

கருங்காடு என்ற மலைக்காட்டின் ஓரத்திலிருக்கும் அந்தச் சின்ன ஊரில் விழா வாரத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிவார்கள். கழுத்து வரை மூடிய கறுப்புச் சட்டை, தடித்த கண்ணாடி, சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற முகம். இவர்களுக்காகப் புதிதாக எழுதப்பட்ட உருப்படிகளை இசைக்குழு வாசிக்க வேண்டும். மெட்டு கிடையாது, தாளம் கிடையாது. வில்லின் மரப்பக்கத்தால் கம்பியை அடி என்பான் ஒருவன். வாத்தியத்தின் முதுகில் நகத்தால் பிறாண்டு என்பான் இன்னொருவன். போன வருஷத்து மேதை ஒருவன் குழல்காரர்களிடம் ஊதவே வேண்டாம், மூச்சை மட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை வாசிப்பார்கள். வானொலியில் நேரடியாகப் போகும். அப்புறம் ஒலிப்பதிவுக் காப்பகத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். எதையாவது இரண்டாம் தடவை கேட்ட ஆள் அந்த ஊரில் கிடையாது.

வியோலா என்பது வயலினைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்து, வயலினுக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசிகூடக் கிடைக்காத வாத்தியம். வியோலாக்காரர்களைக் கிண்டல் பண்ணாத இசைக்குழு உலகத்திலேயே இல்லை. அதைச் சகித்துக்கொண்டு ரோஸ்விதா அதில் ஒட்டிக்கொண்டிருந்தது ஷூபர்ட் என்ற பழைய காலத்து இசைஞரின் மெட்டுகளுக்காக. பால் பண்ணைக்காரனின் மகள், பள்ளத்தாக்கிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்க் கற்றுக்கொண்டவள். அப்படிக் கற்ற கையால் மரப்பெட்டியைப் பிறாண்டச் சொன்னால் எரிச்சல் வராமல் என்ன வரும்? விழா ஒத்திகை முடிந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவாள். சாக்கடையில் கை விட்டவள் மாதிரி.

சாஸேஜ் பாட்டு பிறந்ததும் இந்த எரிச்சலில்தான். பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் உருப்படி. எழுபது பேருக்கும் எழுபது தனித்தனி வரிகள், எல்லோரும் ஒரே சமயத்தில், எல்லாமே கிசுகிசுப்பாக. இதில் யார் என்ன வாசித்தால் என்ன என்று ரோஸ்விதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையிலேயே, நேரடி ஒலிபரப்பிலேயே, பீர்க் கொட்டகைகளில் மேசையைத் தட்டிக்கொண்டு பாடுவார்களே, தொட்டுக்கொள்ளும் கடுகுச் சாந்தை விட்டுவிட்டு ஓடிப்போன சாஸேஜை, அதாவது இறைச்சிக் குழலைப் பற்றிய பாட்டு, அதை மெதுவாக, முகத்தில் துளிச் சிரிப்பு இல்லாமல், முதலிலிருந்து கடைசி வரை வாசித்து முடித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணீர் விட்டார்கள். கச்சேரி முடிந்ததும் அந்த உருப்படியை எழுதிய மேதை ஓடி வந்து அவள் கையை முத்தமிட்டு, "வியோலாக்கள் நான் கனவில கேட்டபடியே இருந்துது அம்மா" என்றான்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அது வியோலாக்காரர்களின் சம்பிரதாயம் ஆகிவிட்டது. விழாவில் யாருக்கும் கேட்காத மூட்டமான இடம் எங்கே வந்தாலும் யாராவது ஒருவர் சாஸேஜை ஓடவிடுவார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் கழிப்பறை எங்கே என்று காட்டுவார்கள், அடுத்தபடியாகச் சாஸேஜ் பாட்டு. ஒரு மேதையும் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. தன் ரசனைதான் சரி என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று ரோஸ்விதாவுக்குத் தேவைப்படவும் இல்லை.

ஓய்வு பெறுகிற வருஷமும் வந்தது. அவளுடைய கடைசிக் கச்சேரி விழாவின் நிறைவுக் கச்சேரி, ஞாயிறு முற்பகல். விதியின் குசும்பைப் பாருங்கள், ஷூபர்ட்டுக்காக வந்தவளைப் பிறாண்டல்களோடு வழியனுப்புகிறது. உருப்படியின் பெயர் 'வண்டல்'. எழுதியவர் ஓட்மார் ஸைலர், எழுபதைத் தாண்டியவர், ஏதோ ஒரு சின்ன ஊரில் தேவாலய ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர். இத்தனை வயதுக்கு அப்புறம்தான் விழாக்காரர்களுக்கு அவர் ஞாபகம் வந்திருந்தது. முழங்கையில் தோல் தைத்த கோட்டு, கையில் ரொட்டி சுற்றிய காகிதம். ஒத்திகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"பேரே வண்டலாம்" என்றாள் ரோஸ்விதா, தாள்களைப் புரட்டியபடி. "சாக்கடைக்கு அடியில கிடக்கிறது. எனக்கு என்ன குடுத்திருக்கார் பாரு. ஒரே சுரம். மூணு நிமிஷத்துக்கு மேல அதே ஒரு சுரம். சீ! குளிர்சாதனப் பெட்டிகூட நடுவுல ஓய்வெடுக்கும்."

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வாசிக்கும் வெண்டலின் சிரித்தான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், அவளுடைய கிண்டல்களுக்கு முதல் ரசிகன். "உனக்காவது ஒரே சுரம். என்னைப் புழு மாதிரி ஊரச் சொல்றார். கீழேருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல வரணுமாம். எதுக்கு வரணும், எங்க போய்ச் சேரணும், ஒண்ணும் புரியலை."

"சேர்ற இடம் கழிப்பறையா இருக்கும்."

குளிர்சாதனப் பெட்டியை அவள் வாயாலேயே சொன்னாள் பாருங்கள், அதுவே அவளை மாட்டிவிட்டது. ஒருநாள் மாலை சமையலறையில் நின்று அந்த ஒற்றைச் சுரத்தைப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். வில் நடுங்காமல் அவ்வளவு நேரம் இழுப்பது சுலபம் இல்லை. எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் கை நடுங்கி மானம் போகக் கூடாது என்பது அவளுடைய வைராக்கியம். மூலையில் பழைய குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் உறுமலும் இவள் சுரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஒட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் 'ஊங், ஊங், ஊங்' என்று ஒரு துடிப்பு.

அந்தத் துடிப்பு அவளுக்குப் புதிதல்ல. கம்பி வாத்தியம் தொட்ட எல்லோருக்கும் தெரியும். சுருதி சேர்க்கும்போது இரண்டு கம்பியும் சேராமல் இருந்தால் இப்படித்தான் துடிக்கும். முடுக்கியைத் திருகி, துடிப்பை ஒழித்து, சேர்ந்ததும் வாசிக்கத் தொடங்குவார்கள். வாழ்நாள் முழுக்க ஒரு நொடியில் துடைத்துப் போட்ட அழுக்கு அது.

விரல் களைத்துப்போய்ச் சற்றே நகர்ந்தது. துடிப்பு மெதுவானது. ஊங்... ஊங்... இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினாள். ஊ...ங். சமையலறையே மூச்சை இழுத்து விடுகிற மாதிரி இருந்தது. பீங்கான் அலமாரியில் ஒரு கோப்பை கூடவே அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம். துடிப்பு நீண்டு, நீண்டு, நின்றே போனது. 

"சீ" என்றாள், பழக்கதோஷத்தில். பிறகு மறுபடி செய்தாள். பிறகு மறுபடி.

கெப்ஹார்ட் வாசலில் வந்து நின்றான். "ஏம்மா, ஃப்ரிட்ஜோட சண்டையா?"

"பேசாதே. அது அணைஞ்சிடப் போகுது."

"பசிக்குது."

"ஃப்ரிட்ஜைத் திறந்தே, கொன்னுடுவேன்."

மறுநாள் காலை இசைக்குழு நடத்துநரிடம் எல்லோருடைய வரிகளும் உள்ள பெரிய தாள்கட்டைக் கேட்டு வாங்கி, தன் சுரத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்த்தாள். நேர் கீழே வெண்டலினின் வரி. அந்தப் புழு ஊர்வது வேறெங்கும் அல்ல, இவள் சுரத்தை நோக்கித்தான். மூன்று நிமிஷத்துக்கு மேலாக, மயிரிழை மயிரிழையாக வந்து, கடைசியில் சேர்கிறது. சேர்ந்ததும் இசைக்குழு முழுக்க நின்றுவிடுகிறது. சுருதி சேரும் அந்த ஒரு நொடியை எடுத்து, உள்ளே ஆள் நுழைந்து நடமாடும் அளவுக்கு அகலமாக்கி வைத்திருக்கிறார் அந்த ரொட்டிக் காகிதக் கிழவர். மற்ற எட்டு வியோலாக்களும் சுற்றி லேசான மூட்டம் போட வேண்டும், அவ்வளவே.

ரோஸ்விதாவுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. இது பிடித்துத் தொலைத்துவிட்டதே! ஆனால் ஒத்திகையில் அந்த இடம் ஒருநாளும் முழுசாக வரவில்லை. நடத்துநர் நேரமில்லை என்று அதைத் தாண்டித் தாண்டிப் போனார். தொட்ட ஓரிரு தடவையும் வெண்டலின் ஊரவில்லை, வில்லால் ஏதோ கொறித்துக்கொண்டிருந்தான். இனி மிச்சம் கச்சேரி மட்டும்தான். ஒரு தடவை. அதற்கப்புறம் அது காப்பகத்துக்கு, இவள் வீட்டுக்கு. அந்த இடத்தை முழுசாகக் கேட்காமல் போய்விடுவோமோ என்று அவளுக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது.

சிற்றுண்டிச் சாலையில் வியோலாக்காரர்கள் எல்லோரையும் பிடித்து உட்கார வைத்தாள். "இதோ பாருங்க. வண்டல்ல அந்த நீள இடம் இருக்கே, அங்க சாஸேஜ் வேண்டாம். எழுதினபடி வாசிங்க. வெண்டலின், முக்கியமா நீ. மெதுவா வா, என் சுரத்துல வந்து சேரு. அது... நல்லா இருக்கு."

 ஒருத்தி காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "நல்லா இருக்காம்!"

"என்ன முகம் பாரு அவளுக்கு! இமைகூட ஆடலை" என்றான் இன்னொருவன்.

"நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"நிஜமாத்தான், நிஜமாத்தான்." வெண்டலின் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். "உன் கடைசிக் கச்சேரி. நீ என்ன கேட்டாலும் செய்வோம் ரோஸ்விதா. கவலையே படாதே." சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். ரோஸ்விதா அந்தக் கண்ணடிப்பைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் காதைத் திருகியிருப்பாள். பாவம், வாழ்நாள் முழுக்கச் சிரிக்காமல் கிண்டல் பண்ணியவள் ஒருநாள் சிரிக்காமல் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஞாயிறு வந்தது. மண்டபம் நிறையக் கறுப்புச் சட்டைகள். 'வண்டல்' அந்த நீள இடத்தை நெருங்கியபோது ரோஸ்விதா வில்லைக் கம்பியில் வைத்தாள். சுரத்தைப் பிடித்தாள். நடுக்கம் இல்லாத, தெளிந்த சுரம். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவள் எதையும் பிடித்ததில்லை. கீழேயிருந்து வெண்டலின் வருவதற்காகக் காத்திருந்தாள்.

வந்தது சாஸேஜ். வெண்டலினிடமிருந்து முதல் அடி. பின்னாலிருந்து இரண்டாம் அடி. பிறகு ஒன்பது பேரும் சேர்ந்து, மூட்டத்துக்குள் மூட்டமாக, அவ்வளவு அன்பாக, அவ்வளவு கச்சிதமாக, பல வருஷம் பழகிய பாட்டாயிற்றே! வெண்டலினின் கண்ணில் நீர் பளபளத்தது. பிரியாவிடைப் பரிசு கொடுக்கிறானாம்.

ரோஸ்விதாவுக்குக் குமட்டியது. எத்தனையோ அக்டோபர்களில் அவள் 'சீ' என்றிருக்கிறாள், ஆனால் தொண்டை வரை நிஜமாக ஏறி வந்தது அன்றுதான். அதுவும் இசையைக் கேட்டு அல்ல. தான் பெற்ற பிள்ளை மேடையில் நின்று வாந்தியெடுக்கிற மாதிரி இருந்தது. சுரத்தை மட்டும் அவள் விடவில்லை. சேர வேண்டியவன் சேரவே இல்லை, கடுகைத் தேடிப் போய்விட்டான். இசைக்குழு நின்றது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு கறுப்புச் சட்டைக்காவது வித்தியாசம் தெரிய வேண்டுமே! பூங்கொத்து வந்தது. வழக்கப்படி எழுபது பேரும் தரையில் காலைத் தேய்த்து அவளுக்கு மரியாதை செய்தார்கள். அந்தத் தேய்ப்புச் சத்தத்தில் தன் பற்கள் நறநறப்பது யாருக்கும் கேட்டிருக்காது.

எல்லோருக்கும் மதியச் சாப்பாடு, மண்டபத்துக்கு எதிரே இருந்த 'மான்' விடுதியில். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் ஊர்க் குடும்பங்களும் வறுத்த பன்றியும் குழம்புமாக விடுதி நிரம்பி வழிந்தது. விடுதிக்காரி ஹெட்விக் தட்டுகளைத் தோள்வரை அடுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

"எப்படி நம்ம பரிசு?" என்று வெண்டலின் பீர்க் கோப்பையை உயர்த்தினான். "ஒன்பது பேரும்! ஒரு சுரம் பிசகலை!"

"நீங்க எல்லாம் மனுஷங்களாடா?" என்றாள் ரோஸ்விதா.

அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இமைகூட ஆடவில்லையாம்.

அப்போதுதான் அவள் மூலை மேசையைப் பார்த்தாள். ஸைலர் தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாள்கட்டு விரிந்து கிடந்தது, கையில் சிவப்புப் பென்சில். ரோஸ்விதா பூங்கொத்தோடேயே எழுந்து போனாள்.

"ஸைலர் ஸார், என்ன பண்றீங்க?"

அவர் எழுந்து நிற்க முயன்றார். "அட, கிம்மர்லே அம்மாதானே? நீங்க பிடிச்ச சுரம் ரொம்ப அழகு. நன்றி. வியோலா இடத்தைத்தான் எடுத்துடறேன். அது வரலை. தப்பு என்னோடது. மனசுக்குள்ள ஒரு மாதிரி கேட்டுட்டே இருந்தேன், எத்தனையோ வருஷமா. எழுதினா அப்படி வரலை. வயசாயிடுச்சு, காது ஏமாத்துது."

தாளில் அந்த மூன்று நிமிஷத்தின் குறுக்கே பாதி வரை சிவப்புக் கோடு ஓடியிருந்தது.  பேசாமல் திரும்பிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு அவளால் போக முடியவில்லை.

"உங்க காது ஏமாத்தலை ஸார். நாங்கதான் ஏமாத்தினோம். அங்க எழுதினது எதையும் அவங்க வாசிக்கலை. ஒரு பாட்டு வாசிச்சாங்க. அந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சு வச்சதே நான்."

ஸைலர் பென்சிலைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். "என்ன பாட்டு?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு என்ன பதில் சொல்வது? பாடித்தான் காட்ட வேண்டும். கையில் பூங்கொத்தோடு, நரைத்த தலையோடு, அந்த மனிதர் முகத்தைப் பார்த்தபடி, ஓடிப்போன சாஸேஜின் பாட்டை முணுமுணுத்தாள். காது மடல் எரிந்தது. அதுவும் போதவில்லை என்று, பக்கத்து மேசையில் யாரோ ஒருவன் மெட்டைப் பிடித்துக்கொண்டான். அவனிடமிருந்து அடுத்த மேசை. ஒரு நிமிஷத்தில் விடுதி முழுக்கக் கோப்பைகளைத் தட்டிக்கொண்டு சாஸேஜே சாஸேஜே என்று கத்தியது. ஸைலர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் எந்த இசையும் இவ்வளவு கேவலமாக ஒலித்ததில்லை என்று ரோஸ்விதாவுக்குத் தோன்றியது.

பாட்டு முடிந்ததும் அவர் மெல்லச் சொன்னார். "அப்போ நான் தப்பா எழுதலை?"

ரோஸ்விதா திரும்பினாள். "வெண்டலின்! வாத்தியத்தை எடு."

"இங்கயா? சாப்பாடு ஆறிடும்."

"எடுடா! மத்தவங்களும்."

இந்த முறை அவள் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. பெட்டிகள் திறந்தன. ஸைலர் தாள்கட்டைத் திருப்பி மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். ரோஸ்விதா சுரத்தைப் பிடித்தாள். வெண்டலின், முறைத்துக்கொண்டே, கீழேயிருந்து புறப்பட்டான்.

'ஊங், ஊங், ஊங்' என்று துடிப்பு கிளம்பியதும் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. "ஏய், என்ன கழுத்தை அறுக்கிறீங்க!" என்று ஒருவன் கத்தினான். "ஹெட்விக், பணம் குடுத்துச் சாப்பிட வந்தோம், இதைக் கேக்கவா?" ஹெட்விக் தட்டுகளோடு வந்து நின்று, "ரோஸ்விதா, உனக்குப் பைத்தியமா? குழம்பு திரிஞ்சிடும்!" என்றாள். ரோஸ்விதா வில்லை இழுத்துக்கொண்டே இருந்தாள். வெண்டலின் நின்றுவிடப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் தொடர்ந்தான். ஊங்... ஊங்... அவன் புருவம் மெல்ல உயர்ந்தது. தன் விரல் என்ன செய்கிறது என்று அவனுக்கே அப்போதுதான் கேட்கிறது போலும். ஊ...ங். கோப்பைகளில் பீர் நுரை நடுங்கியது. துடிப்பு நீண்டு, இன்னும் நீண்டு, கடைசியாக ஒரு தடவை எழுந்து, நின்றது.

ரோஸ்விதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் பாதி. மீதிப் பாதி வேறு. இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி எத்தனை இடங்களை, அங்கே என்ன இருந்தது என்றுகூடத் தெரியாமல், சாஸேஜைப் போட்டு மூடியிருப்பாள்! அவையெல்லாம் காப்பகத்தில் அப்படியே கிடக்கின்றன, மூடியபடியே. நினைத்தாலே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு பொங்கியது.

 ஸைலர் சிவப்புக் கோட்டை அழிக்க அதன்மேல் ரொட்டித் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசையில் ஒரு கிழவி கழுத்தில் செருகியிருந்த சாப்பாட்டுத் துணியை உருவித் தட்டில் எறிந்தாள். "சீ! இதெல்லாம் ஒரு பாட்டா?"

அந்தச் 'சீ'யை ரோஸ்விதாவுக்கு நன்றாகத் தெரியும். அச்சு அசலாக அவளுடையதேதான். கிழவியின் மேல் கோபம்கூட வரவில்லை. வெண்டலினைப் பார்த்தாள். அவன் வில்லை இன்னும் கம்பியிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.